சபதம் எடுத்தால் போதுமா, டாக்டர்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் சர்க்கரை, முழங்கால் வலி, தைராய்டு எல்லாவற்றையும் அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். மீதியில் பலரும் ஒரே சங்கதியைத்தான் வேறு வேறு கோணத்தில் கேட்டிருக்கிறீர்கள்: டாக்டர்களின் நேர்மை. அதனால் இந்த முறை அது மட்டும். சிலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டுமே.

2022-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழிக்குப் பதிலாக 'மகரிஷி சரகர் சபதம்' எடுத்தது பெரிய சர்ச்சையானது. என் மகன் இந்த வருடம் எம்.பி.பி.எஸ். சேர்ந்திருக்கிறான். இரண்டில் எது நல்லது? – திருமங்கலம் வாசகர்

மகனுக்கு வாழ்த்துகள். அந்த ஏப்ரல் 30-ஆம் தேதி வெள்ளை அங்கி விழா, டீன் காத்திருப்போர் பட்டியலுக்குப் போனது, சில நாளில் அதே நாற்காலிக்குத் திரும்பியது எல்லாம் நினைவிருக்கும். டிவி விவாதங்களில் மொழி, மதம், மத்திய அரசு, மாநில அரசு என்று எல்லாவற்றையும் பேசித் தீர்த்தார்கள். பழைய சபதங்களுக்குள் என்னதான் எழுதியிருக்கிறது என்று பிரித்துப் படித்தவர்கள் குறைவு.

ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்கச் சபதம் அப்போலோ, அஸ்கிலீபியஸ் என்று தெய்வங்களைச் சாட்சிக்கு அழைத்துத் தொடங்குகிறது. முதல் வாக்குறுதி யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? நோயாளிக்கு இல்லை, குருவுக்கு. அவரைப் பெற்றவரைப்போல் நினைப்பேன், அவருக்குக் கஷ்டம் வந்தால் என் பணத்தில் பங்கு தருவேன், அவர் மகன்களுக்குக் காசு வாங்காமல் தொழில் சொல்லித் தருவேன். அதற்குப் பிறகுதான் கேட்டாலும் விஷம் கொடுக்க மாட்டேன், கருக்கலைப்புக்கு மருந்து வைக்க மாட்டேன், சிறுநீர்க் கல்லுக்குக் கத்தி எடுக்க மாட்டேன், நோயாளி வீட்டில் காதில் விழுந்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று போகும்.

சரகர் பக்கம் வந்தால், சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலில், விமானஸ்தானம் என்ற பகுதியின் எட்டாம் அத்தியாயத்தில் குரு மாணவனுக்குச் சொல்லும் கட்டளைகளாக இது வருகிறது. தாடி வளர்க்க வேண்டும், பொய் சொல்லக்கூடாது, இறைச்சி கூடாது, ஆயுதம் வைத்திருக்கக்கூடாது, போன வீட்டு விஷயத்தை வெளியே பேசக்கூடாது. கூடவே இதுவும்: அரசன் வெறுக்கும் ஆளுக்கு மருந்து கொடுக்காதே, கணவனோ காப்பாளரோ கூட இல்லாத பெண்ணுக்கு வைத்தியம் பார்க்காதே. இன்று கல்லூரிகளில் வாசிப்பதற்கென்று சுருக்கிய சபதத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எவ்வளவு வடிகட்டியிருக்கிறார்கள் என்பது தெரியும். கிரேக்கச் சபதத்தையும் அப்படித்தான் வடிகட்டினார்கள்.

ரகசியம் காக்க வேண்டும் என்பது இரண்டிலும் இருக்கிறது, அது பெரிய விஷயம்தான். ஆனால் நோயாளியிடம் கேட்டுவிட்டுச் செய் என்பது இரண்டிலுமே இல்லை. உலக மருத்துவச் சங்கம் 1948-ல் ஜெனீவாவில் புதிதாக ஓர் உறுதிமொழி எழுதியது. நோயாளி தன் விஷயத்தில் தானே முடிவெடுக்கும் உரிமையை மதிப்பேன் என்ற வரி அதற்குள்ளேயே 2017-ல்தான் ஏறியது. 69 வருடம்! மகன் எந்தச் சபதத்தை வேண்டுமானாலும் எடுக்கட்டும், இந்த ஒரு வரியைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

"முதலில் தீங்கு செய்யாதே" என்பது ஹிப்போகிரட்டீஸ் சபதத்தின் முதல் வரி என்று வாட்ஸ்அப்பில் வந்ததே? – ஆம்பூர்

முதல் வரியும் இல்லை, கடைசி வரியும் இல்லை. அந்த வாசகம் அப்படியே சபதத்தில் கிடையாது. அவர் பெயரில் வழங்கும் நூல்களில் 'எபிடெமிக்ஸ்' என்ற ஒன்று இருக்கிறது, அதில் "உதவு, இல்லையென்றால் கெடுதலாவது செய்யாமல் இரு" என்கிற பொருளில் ஒரு வரி வருகிறது. லத்தீனில் சுற்றும் சுருக்கமெல்லாம் பிற்காலத்து வேலை.

அந்தக் காலத்து டாக்டர்கள் தெய்வம் மாதிரி இருந்தார்கள். இன்று வியாபாரம். எப்போது கெட்டுப்போனது? – ஓய்வு பெற்ற ஆசிரியர், மன்னார்குடி

ஐயா, நீங்கள் மனதில் வைத்திருக்கும் அந்த ஒரு டாக்டரை நானும் மதிக்கிறேன். ஒவ்வோர் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்தார். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் பையைத் தூக்கிக்கொண்டு வருவார், காசு இல்லையென்றால் அறுவடைக்குப் பிறகு கொடு என்பார். அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் தெய்வம் என்ற அந்தச் சொல்லில்தான் எனக்குச் சிக்கல். தெய்வத்திடம் யாரும் "இந்த மாத்திரை எதுக்கு?" என்று கேட்பதில்லையே.

மருத்துவ நெறி என்று தனியாக ஒரு துறைக்குப் பெயர் வந்த கதையைப் பாருங்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் மருத்துவமனையில் 1790 வாக்கில் காய்ச்சல் கொள்ளைநோய் பரவிய நேரத்தில், புதிய ஆட்களைச் சேர்ப்பது பற்றி உள்ளே இருந்த டாக்டர்களுக்கும் நிர்வாகத்துக்கும் பெரிய தகராறு, சிலர் ராஜினாமாவே செய்தார்கள். இனி இப்படி நடக்காமல் இருக்க விதிகள் எழுதித் தாருங்கள் என்று தாமஸ் பெர்சிவல் என்ற மூத்த டாக்டரிடம் கேட்டார்கள். அவர் எழுதியதுதான் 1803-ல் 'மெடிக்கல் எதிக்ஸ்' என்ற புத்தகமாக வந்தது. நோயாளியிடம் கனிவாக இரு என்பதெல்லாம் அதில் உண்டு, நல்ல மனிதர்தான். ஆனால் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து நோயாளியைப் பார்க்கும்போது யார் முதலில் பேசுவது, சக டாக்டரின் தவறை நோயாளி எதிரில் எப்படி மூடி மறைத்துப் பேசுவது என்கிற மாதிரியான சங்கதிகளுக்கு அதில் கணிசமான இடம். சண்டையை விலக்க எழுதியது, அப்படித்தான் இருக்கும்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847-ல் அதைத் தழுவித் தன் விதிகளை எழுதியபோது ஒரு படி மேலே போய், நோயாளிகளுக்கும் கடமைகளைப் பட்டியல் போட்டது. டாக்டர் சொன்னதற்கு உடனே, மறுபேச்சில்லாமல் கீழ்ப்படிய வேண்டும். நோய்க்குச் சம்பந்தமில்லாத கதைகளைச் சொல்லி டாக்டரைச் சோர்வடையச் செய்யக்கூடாது. குணமான பிறகும் நன்றியை மறக்கக்கூடாது. நான் இதை முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், நம் ஊர் ஓ.பி. வரிசையில் இன்னும் அந்தச் சட்டம்தானே நடக்கிறது.

வியாபாரம் இல்லை என்று சொல்லவில்லை. கோடிக்கணக்கில் கட்டி சீட் வாங்கியவர் அதை எங்கிருந்து எடுப்பார் என்பதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை, கூட்டல் கணக்குப் போதும். ஆனால் அன்று எல்லாம் சுத்தம், இன்று எல்லாம் அழுக்கு என்ற கதைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஹிட்லர் முகாம்களில் கைதிகள்மீது டாக்டர்கள் சோதனை செய்ததாகப் பாடத்தில் படித்தேன். உயிரைக் காக்கப் படித்தவர்கள் அதை எப்படிச் செய்தார்கள்? விதிகளே இல்லையா? – செவிலியர் மாணவி, நாகர்கோவில்

இருந்தன அம்மா, அதுதான் கொடுமை. மனிதர்மேல் சோதனை செய்வதற்கு மற்ற நாடுகள் யோசிக்கும் முன்பே விதி எழுதிய நாடு ஜெர்மனி. ஆல்பர்ட் நைஸர் என்று பெரிய பேராசிரியர், கொனோரியா என்ற பாலியல் நோயின் கிருமியைக் கண்டுபிடித்தவர். பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் உட்படச் சிலருக்கு, என்ன ஏது என்று சொல்லாமலேயே சிபிலிஸ் என்ற பாலியல் நோய் வந்தவர்களின் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த நீரை, ஊசியில் ஏற்றினார். விஷயம் வெளியே வந்து நாறியது. 1900-ல் பிரஷ்ய அரசு, விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் இப்படிச் செய்யக்கூடாது என்று உத்தரவு போட்டது.

1930-ல் லூபெக் நகரத்தில் குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பு மருந்து வாய்வழியே கொடுத்தார்கள். ஆய்வகத்தில் அந்த மருந்தோடு வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டது. 70-க்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகள் செத்துப் போயின. அடுத்த வருடமே, 1931-ல், ஜெர்மனியின் உள்துறை அமைச்சகம் விரிவான விதிகளை வெளியிட்டது. சம்மதம் வேண்டும், சிறுவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும், ஒருவருடைய வறுமையைப் பயன்படுத்திக்கொண்டு புதுச் சிகிச்சையைச் சோதிப்பது மருத்துவ நெறிக்கு விரோதம். இன்றைக்கும் குறை சொல்ல முடியாத வாசகங்கள். இரண்டே வருடத்தில் ஹிட்லர் வந்தார். ஜெர்மன் டாக்டர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார்கள். யூத டாக்டர்களை வெளியேற்றியதால் காலியான பதவிகள், பேராசிரியர் நாற்காலிகள் எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருந்தன. நாட்டின் ரத்தத்தைச் சுத்தப்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் இருந்தது. காகிதத்தில் இருந்த விதி யாரையும் தடுக்கவில்லை.

போருக்குப் பிறகு ஜெர்மனியின் நியூரெம்பர்க்கில் அமெரிக்க நீதிபதிகள் முன் 1946 டிசம்பரில் தொடங்கிய வழக்கில் 23 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள், அதில் 20 பேர் டாக்டர்கள். 16 பேர்மீது குற்றம் உறுதியானது, 7 பேருக்குத் தூக்கு. ஹிட்லரின் சொந்த டாக்டராக இருந்த கார்ல் பிராண்டும் அதில் ஒருவர். 1947 தீர்ப்போடு வந்த பத்து அம்சங்களைத்தான் நியூரெம்பர்க் விதி என்கிறோம். தானாக முன்வந்து தரும் சம்மதம் கட்டாயம் என்பது அதன் முதல் அம்சம்.

சரி, இதோடு உலகம் திருந்தியதா? தீர்ப்பு சொன்ன அமெரிக்காவிலேயே அலபாமா மாநிலத்தில் 1932 முதல் அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தது. டஸ்கீகி சோதனை என்பார்கள். சிபிலிஸ் வந்த ஏழைக் கறுப்பின ஆண்கள் 399 பேர். அவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை, 'கெட்ட ரத்தம்' என்றார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுப்பதை 'விசேஷ இலவசச் சிகிச்சை' என்று கடிதம் போட்டு வரவழைத்தார்கள். மதியச் சாப்பாடு இலவசம், செத்தால் அடக்கச் செலவு இலவசம், பதிலுக்குப் பிணத்தை அறுத்துப் பார்க்க விட வேண்டும். பென்சிலின் வந்து எல்லோருக்கும் போட ஆரம்பித்த பிறகும் இவர்களுக்குக் கொடுக்கவில்லை, நோய் தன் போக்கில் எப்படி முற்றுகிறது என்று பார்க்க வேண்டுமாம். ஒளித்தும் செய்யவில்லை. மருத்துவ இதழ்களில் கட்டுரை கட்டுரையாக வந்துகொண்டே இருந்தது, ஆயிரக்கணக்கான டாக்டர்கள் படித்திருப்பார்கள்.

இர்வின் ஷாட்ஸ் என்ற இளம் இதய டாக்டர் 1965-ல் ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, இது சரியில்லை என்று அதை எழுதியவருக்குக் கடிதம் போட்டார். பதிலே வரவில்லை. 1966-ல் சோதனை நடத்திய பொதுச் சுகாதாரத் துறைக்குள்ளிருந்தே எதிர்ப்பைத் தொடங்கி, கடைசியில் பத்திரிகையாளரிடம் காகிதங்களைக் கொடுத்து 1972-ல் நிறுத்த வைத்தவர் பீட்டர் பக்ஸ்டன். அவர் டாக்டரே இல்லை, பாலியல் நோயாளிகளைப் பேட்டி காணும் ஊழியர். குழந்தையாக இருந்தபோது அவர் குடும்பம் நாஜிகளுக்குத் தப்பி பிராகிலிருந்து அமெரிக்கா வந்தது. நியூரெம்பர்க் வழக்கை எடுத்துப் படித்துவிட்டுத்தான் மேலதிகாரிகளிடம் போய் நின்றார். நடுவில் 1969-ல் நிபுணர் குழு ஒன்று கூடி, சோதனை தொடரலாம் என்று முடிவெடுத்தது. அந்தக் குழுவில் டாக்டர்கள் இருந்தார்கள், அந்த 399 பேரில் ஒருவர்கூட இல்லை.

நீங்கள் நர்ஸாகப் போகிறவர் என்பதால் இதையும் சொல்கிறேன். அந்த ஆண்களை வீடு வீடாகப் போய் காரில் அழைத்து வந்து, அவர்களுடைய நம்பிக்கையைக் கட்டிக் காத்ததும் ஒரு நர்ஸ்தான். யூனிஸ் ரிவர்ஸ், அவரும் கறுப்பினப் பெண். அவர்கள்மேல் அவருக்குப் பாசம் இருந்தது. அதை நினைத்துத்தான் எனக்கு இன்னும் தூக்கம் கெடுகிறது.

அம்மாவுக்கு வயிற்றில் கேன்சர். "அம்மாவிடம் சொல்ல வேண்டாம்" என்று அண்ணன் டாக்டரிடம் சொல்லிவிட்டார், டாக்டரும் தலையாட்டிவிட்டார். அல்சர் என்று சொல்லியிருக்கிறோம். இது சரியா? – ஈரோடு வாசகி

உங்கள் அண்ணனைத் திட்ட மாட்டேன், பயத்தில் செய்தது. டாக்டர்களும் காலங்காலமாக இதைத்தான் செய்தோம். வார்டில் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு நோயாளிக்குப் புரியக்கூடாதென்றே ஒரு பாஷை பேசுவோம்: கேன்சர் என்றால் 'மைட்டோட்டிக்', காசநோய் என்றால் 'காக்ஸ்', தொழுநோய் என்றால் 'ஹேன்சன்ஸ்'. படுத்திருப்பவர் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சொல் புரியாவிட்டாலும் முகம் புரியும்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்காதீர்கள். சாவு நெருங்குவது தெரிந்தாலும், அதிர்ச்சி தரும் என்றால் சொல்லாதே என்று சரகரே எழுதியிருக்கிறார். 1961-ல் சிகாகோவில் ஒரு மருத்துவமனை டாக்டர்களிடம் விசாரித்தபோது, கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் கேன்சர் நோயாளியிடம் உண்மையைச் சொல்லாமல் இருப்பதையே விரும்புவதாகச் சொன்னார்கள். 1979-ல் அதே மாதிரிக் கேள்வியை அமெரிக்காவில் வேறோர் இடத்தில் கேட்டால் 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவோம் என்றார்கள். பதினெட்டே வருடத்தில் தலைகீழ். டாக்டர்களின் மனசு மட்டும் மாறவில்லை. சிகிச்சைகள் வந்தன, வழக்குகள் வந்தன, நோயாளிகள் கேட்க ஆரம்பித்தார்கள்.

உங்கள் அம்மாவுக்கு கீமோ போடப் போகிறார்கள் என்றால் முடி கொட்டும், பக்கத்துக் கட்டில்காரர் விசாரிப்பார், வாசலில் போர்டே இருக்கும். அல்சருக்கு யாருக்காவது முடி கொட்டுமா? பொய் வெளிப்படும் அன்று அவருக்கு நோயைவிட நீங்கள் எல்லோரும் சேர்ந்து மறைத்ததுதான் வலிக்கும். அதற்காக நாளைக் காலையில் போட்டு உடைக்கவும் வேண்டாம். டாக்டரிடம் தனியாகப் பேசி, அம்மாவிடம் அவரையே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "உங்க உடம்பு விஷயம் எல்லாம் உங்ககிட்டச் சொல்லணுமா, பையன்கிட்டச் சொன்னாப் போதுமா?" சிலர் "எனக்கு எதுவும் வேண்டாம் சாமி, அவன்கிட்டச் சொல்லுங்க" என்பார்கள். அதுவும் அவருடைய முடிவுதான், மதிக்க வேண்டும். சிலர் "எல்லாம் தெரியும் டாக்டர், பிள்ளைங்க வருத்தப்படுமேன்னு கேட்காம இருக்கேன்" என்பார்கள். உங்கள் அம்மா இரண்டாவது ரகமாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். வீடு, நகை, யாருக்கு என்ன என்று அவர் பேச நினைப்பது இருக்கும். அதற்கு நேரம் கொடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் ஏழெட்டு இடத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். படிக்கவும் விடுவதில்லை. அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு? – காரைக்குடி

காகிதத்துக்கு மதிப்பு குறைவு, அதற்கு முன் நடந்த பேச்சுக்குத்தான் மதிப்பு. சமீரா கோலி என்ற டெல்லிப் பெண்ணின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 1995-ல், அப்போது அவருக்கு 44 வயது, லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளை வழியே கேமரா விட்டு, பார்க்கச் சம்மதித்து மயக்க மருந்தில் இருந்தார். உதவி டாக்டர் தியேட்டருக்கு வெளியே வந்து, அங்கே காத்திருந்த அவருடைய அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். உள்ளே கர்ப்பப்பை, சினைப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்ற அவசரம் எதுவும் இல்லை. 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: வயது வந்த, சுயநினைவு திரும்பப்போகிற பெண்ணுக்காக அம்மா சம்மதம் தர முடியாது, சோதனை செய்யத் தந்த சம்மதம் சிகிச்சை செய்யத் தந்த சம்மதம் ஆகாது. நஷ்டஈடு என்னவோ 25,000 ரூபாய்தான். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது, ஆனால் தீர்ப்பின் வரிகள் தங்கம்.

நம் மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறையில், ஆபரேஷனுக்கு எழுத்துச் சம்மதம் யாரிடம் வாங்குவது என்று சொல்லும் இடத்தைப் படித்துப் பாருங்கள். கணவன் அல்லது மனைவி, சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர், அப்புறம் கடைசியாக "அல்லது நோயாளியே" என்று வரும். வரிசையைக் கவனித்தீர்களா?

செய்ய வேண்டியது: கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி. எதை வெட்டுகிறீர்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், உள்ளே வேறு ஏதாவது தெரிந்தால் என்ன செய்வீர்கள். மூன்றாவதுதான் முக்கியம். அப்புறம், கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது அதே 2002 விதி. எழுத்தில் கேளுங்கள்.

ஸ்கேன் சென்டரிலிருந்து டாக்டருக்கு கமிஷன் போகிறதாமே? – பல்லடம்

போகிற இடத்தில் போகிறது. வாங்குவதும் தப்பு, கொடுப்பதும் தப்பு என்று 2002 விதி தெளிவாகச் சொல்கிறது. மருந்துக் கம்பெனிகளின் பரிசு, இலவசப் பயணத்துக்குத் தடை 2009-ல் சேர்ந்தது. 2023 ஆகஸ்டில் புது விதிகள் வந்து, ஜெனரிக் மருந்து, அதாவது கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில், எழுதுவது பற்றிக் கிளம்பிய எதிர்ப்பில் அதே மாதமே நிறுத்தி வைக்கப்பட்டன. "இங்கேதான் எடுக்கணும்" என்று டாக்டர் அழுத்தினால், "வேற எங்க எடுத்தா ஒத்துக்குவீங்க?" என்று கேளுங்கள். சில ஸ்கேன்களுக்கு நல்ல மெஷின், நல்ல ரேடியாலஜிஸ்ட் என்ற நியாயமான காரணமும் இருக்கலாம். பதில் சொல்லும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

மகளுக்கு வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளையின் குடும்ப டாக்டர் எனக்குத் தெரிந்தவர். மாப்பிள்ளைக்கு ஏதாவது வியாதி இருக்கிறதா என்று கேட்கலாமா? – பெயர், ஊர் வேண்டாம்

கேட்காதீர்கள். கேட்டதும் சொல்லிவிடுகிற டாக்டர் நாளைக்கு உங்கள் மகள் விஷயத்தையும் அடுத்தவரிடம் சொல்வார்.

இதில் சென்னை சம்பந்தப்பட்ட பெரிய வழக்கே உண்டு. ஒரு நோயாளியோடு இங்கே வந்து ரத்தம் கொடுத்தவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது, விஷயம் கசிந்து அவர் கல்யாணம் நின்றது. 1998-ல் உச்ச நீதிமன்றம், மணமகளின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ரகசியம் முழுமுற்றானது இல்லை என்று மருத்துவமனையின் பக்கம் நின்றது. 2017 எச்.ஐ.வி. சட்டம் இன்னும் நிதானமாக எழுதப்பட்டது: பரிசோதனைக்கும் சம்மதம் வேண்டும், வெளியே சொல்வதற்கும் சம்மதம் வேண்டும். துணைவருக்கு ஆபத்து என்றால் டாக்டர் நேரடியாகத் துணைவரிடம் சொல்ல வழியுண்டு, அதற்கும் ஆலோசனை தருவது உள்ளிட்ட நிபந்தனைகள் உண்டு. மாமனார் அந்தப் பட்டியலில் இல்லை!

எச்.ஐ.வி. என்றாலே டாக்டர்கள் பலர் தொடக்கூட மறுத்த காலத்தில் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் இருந்தார். 1986-ல் இந்தியாவில் முதன்முதலாக அந்தக் கிருமியைக் கண்டறிந்தது அவர் தலைமையில்தான். பிறகு அரசு வேலையை விட்டுவிட்டு 1993-ல் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கென்றே ஒரு மையம் தொடங்கினார். அந்த மாதிரி ஒரு டாக்டரிடம் உங்கள் கேள்வியோடு போய் நின்றிருந்தால் காபி கொடுத்து அனுப்பியிருப்பார், பதில் கிடைத்திருக்காது. உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து போய்ப் பரிசோதனை செய்துகொள்ளட்டும், ரிப்போர்ட்டை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளட்டும். நீங்கள் வெளியே உட்காருங்கள்.

டாக்டர்கள் கையெழுத்து ஏன் புரிவதே இல்லை? – விருத்தாசலம், ஆறாம் வகுப்பு மாணவி

அவசரம் பாதி, அலட்சியம் பாதி. 2016-ல் அந்த 2002 விதியைத் திருத்தி, மருந்தின் பெயரைப் புரியும்படி, முடிந்தால் பெரிய ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும் என்று சேர்த்தார்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சீட்டை வாங்கி அவர் எதிரிலேயே சத்தமாகப் படி. படிக்க முடியாத இடத்தில் நிறுத்தி அவரைக் கேள். பெரியவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள், உனக்கு அது இல்லை.